ஜெர்மனியில் 60 யூரோவுக்குள் முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: தமிழ் 99இல் தட்டுபவர் எதை வாங்கலாம்?

கேள்வி: காட்பாடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் பொறியியல் முடித்துவிட்டு, கணினி அறிவியலில் முதுகலை படிக்க வரும் அக்டோபரில் ஜெர்மனி செல்கிறேன். நாள்தோறும் நிரல் எழுதுகிறேன். அதோடு, குடியாத்தத்தில் சிறிய அச்சகம் நடத்தும் என் அப்பாவுக்காகத் திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் தமிழ் 99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். அங்கே போன பிறகும் இதைத் தொடரவே விரும்புகிறேன். மடிக்கணினியின் தட்டையான விசைகளில் பக்கம் பக்கமாகத் தட்டி விரல் நுனிகள் வலிப்பதால், ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன்.

என்னால் ஒதுக்க முடிந்தது 60 யூரோ மட்டுமே. படிப்பு முடிந்து திரும்பும்போது கீபோர்டை அப்பாவின் அச்சகத்திற்கே கொண்டுவர எண்ணுகிறேன். ஜெர்மன் கடைகளின் படங்களில் என்டர் விசை உயரமாகவும், சில எழுத்துகள் இடம் மாறியும் இருக்கின்றன. அதில் தமிழ் தட்டுவதில் சிக்கல் வருமா? இன்னொரு மாணவியோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளப் போகும் எனக்கு எந்த சுவிட்ச் பொருந்தும்? இங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது நல்லதா?

மறுமொழி 1: ஆம்பூர்க்காரன்

தங்கைக்கு வணக்கம். ஆம்பூரிலிருந்து வந்து ஆறாவது ஆண்டாக ஜெர்மனியில் வசிக்கிறேன். சுவிட்சையும் விலையையும் பிறகு பாருங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது விசைகளின் அமைப்பை. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நிரல் எழுதுவோருக்கு ஓயாமல் தேவைப்படும் நெளி அடைப்பும் சதுர அடைப்பும், வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 7, 8, 9, 0 ஆகிய எண்களைத் தட்டினால்தான் கிடைக்கும். வந்த புதிதில் விலை குறைவு என்ற ஒரே காரணத்திற்காக நான் அப்படிப்பட்ட ஒன்றை வாங்கினேன். பழகிவிடும், பழகிவிடும் என்று மூன்று வாரம் பொறுத்திருந்ததில் திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டது. அந்த 14 நாளைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையவழிக் கடையில் வாங்கிய பொருளை, அது கைக்கு வந்ததிலிருந்து 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் வேண்டாம் என்று அறிவித்துத் திருப்பிவிடலாம். அனுப்பும் செலவு மட்டும் சில கடைகளில் நம்முடையதாக இருக்கும். தனியாரிடம் பழைய பொருள் வாங்கினால் இந்த உரிமை கிடையாது.

தமிழைப் பொறுத்தவரை உங்கள் அச்சத்தில் பாதி தேவையற்றது. விண்டோஸில் உள்ள தமிழ் 99, விசையின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை, விசை இருக்கும் இடத்தையே பார்க்கிறது. ஆகவே ஜெர்மன் கீபோர்டிலும் உங்கள் விரல் பழகிய இடத்திலேயே ச வரும், ந வரும். ஆனால் ச இருக்கும் விசையில் இரட்டைப் புள்ளியிட்ட யுவும், ந இருக்கும் விசையில் இரட்டைப் புள்ளியிட்ட ஓவும் அச்சாகியிருக்கும். பார்க்காமல் தட்டும் உங்களுக்கு அது பொருட்டாக இராது. நாளை அச்சகத்தில் விசையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவர்தான் திண்டாடுவார்.

அதனால் இந்தியாவில் நாம் பழகிய அமெரிக்க அமைப்பையே தேடுங்கள். நெதர்லாந்தில் பெரும்பாலும் அந்த அமைப்புதான் புழக்கத்தில் இருப்பதால், ஜெர்மனிக்கு அனுப்பும் டச்சுக் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும். ஒன்றியத்திற்குள் வாங்குவதால் சுங்கத் தொல்லையும் இல்லை. ஜெர்மன் எழுத்துகளுக்கும் வழி உண்டு. விண்டோஸில் அமெரிக்க-பன்னாட்டு அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், வலப்பக்க ஆல்ட் விசையோடு கியூ, பி, ஒய், எஸ் ஆகியவற்றைத் தட்டி அந்த மொழிக்கே உரிய நான்கு எழுத்துகளையும் பெறலாம்.

மறுமொழி 2: சத்துவாச்சாரி தட்டச்சு ஆசிரியர்

அம்மா, நான் வேலூரில் பல ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். லோயர் தேர்வுக்கு நிமிடத்திற்கு 30 சொல், ஹையர் தேர்வுக்கு 45 சொல் என்று ஆங்கிலத் தட்டச்சுக்குப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன். சுவிட்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய தட்டச்சுப் பொறியில் எழுத்து தாளில் பதிய வேண்டுமானால் விசையை அடிவரை ஓங்கித் தட்ட வேண்டும். அந்தப் பழக்கம் கணினிக்கு வந்த பிறகும் பலரை விடவில்லை. விரல் வலிக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அனுபவம். மெக்கானிக்கல் சுவிட்சின் முழு இறக்கம் சுமார் 4 மில்லிமீட்டர். ஆனால் 2 மில்லிமீட்டர் அளவிலேயே எழுத்து பதிவாகிவிடும். மீதிப் பாதியை அழுத்தத் தேவையில்லை என்பதை விரலுக்குக் கற்றுக்கொடுத்தால்தான் இந்தச் செலவு பயன்படும்.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சின் நிறப் பெயர்களையே இன்று பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். சிவப்பு, தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். செர்ரியின் கணக்கில் அதற்கு 45 சென்டிநியூட்டன் (ஏறக்குறைய 45 கிராம் எடை) அழுத்தம் போதும். பழுப்பு, எழுத்து பதியும் இடத்தில் ஒரு சிறு மேட்டைத் தாண்டுவதுபோல் விரலுக்கு உணர்த்தும், அதற்கு 55. நீலம் அதே இடத்தில் 'டிக்' என்று ஒலியும் எழுப்பும். புதிதாக வருபவர் பழுப்பையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் எங்கே நிறுத்தலாம் என்பதை அந்த மேடுதான் சொல்லித்தருகிறது. நீலம் எனக்கு மிகவும் பிடித்தது, பயிலகத்தின் ஓசையை நினைவூட்டுவது. என்றாலும் இன்னொருவர் உறங்கும் வீட்டில் அது கூடாது. இரவு 10 மணிக்கு மேல் ஓசை எழுப்புவதை அங்கே அண்டை வீட்டாரும் பொறுப்பதில்லை என்று என் மகன் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்னிடம் மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று இருக்கிறது. புறப்படும் முன் ஒருநாள் வந்து, தமிழில் ஒரு பக்கம் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மறுமொழி 3: ராணிப்பேட்டை பழுதுபார்ப்பவர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பழுப்பும் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும். சுவிட்சைப் பற்றவைக்காமல் செருகிக் கழற்றும் வகை, அதாவது 'ஹாட்-ஸ்வாப்' உள்ள கீபோர்டாகப் பாருங்கள். நான் இங்கே பழுதுபார்க்கும் மெக்கானிக்கல் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போனது ஓரிரு சுவிட்ச் மட்டுமே. பற்றவைத்த வகையாக இருந்தால் ஈயத்தை உறிஞ்சி எடுத்து மாற்ற வேண்டும். செருகும் வகையாக இருந்தால் உங்கள் அப்பாவே இடுக்கியால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார். ஐரோப்பாவில் சட்டப்படி விற்பவர் தரும் 2 ஆண்டுப் பொறுப்பு, பொருள் குடியாத்தத்திற்கு வந்த பிறகு நடைமுறையில் உதவாது என்பதால் இது முக்கியம். ஓர் எச்சரிக்கை: அவுட்டெமு என்ற நிறுவனத்தின் சுவிட்சுகளோடு வரும் சில மலிவான கீபோர்டுகளின் துளைகள் குறுகலானவை, அவற்றில் கேட்டரான், கைல் போன்ற பிற நிறுவனச் சுவிட்சுகளின் தடித்த கால்கள் நுழையா. வாங்கும் முன் இதை விசாரியுங்கள்.

விசைகளின் மூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருந்தால் சில மாதங்களில் விரல் எண்ணெயால் பளபளக்கத் தொடங்கும். பிபிடி என்ற பிளாஸ்டிக் அப்படி எளிதில் வழவழப்பாகாது. வண்ண விளக்குகளுக்காக ஒரு யூரோகூடச் செலவிடாதீர்கள். கம்பியில்லா வசதியும் உங்களுக்குத் தேவையில்லை. வலப்பக்க எண் பகுதி இல்லாத 87 விசை வடிவம் மேசையிலும் பெட்டியிலும் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அச்சகத்தில் கணக்கும் எழுதுவார்கள் என்றால் 104 விசை உள்ளதை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் கீக்ரான் நிறுவனத்தின் சி3 ப்ரோ போன்ற கம்பியுள்ள 87 விசைக் கீபோர்டுகளைப் பார்க்கலாம். அதன் முதல் பதிப்பு பற்றவைத்த வகை, பின்னர் செருகும் வகையும் வந்தது என்பதால் விவரக்குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். சீனத் தளங்களில் மலிவாகத் தெரிந்தால், 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் வரும் 22 யூரோவுக்குக் குறைந்த பொருளுக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு என்பதையும், திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிருந்து கொண்டுபோனால் அமெரிக்க அமைப்பு எளிதில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கனமான பொருள். அங்கே பழுதானால் திருப்பித் தரவும் வழியில்லை.

காட்பாடி மாணவி

அண்ணன்மார் இருவருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. அமெரிக்க அமைப்பு, 87 விசை, செருகும் வகை, பிபிடி மூடி என்று குறித்துக்கொண்டேன். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே வாங்கி, 14 நாளுக்குள் ஓர் அழைப்பிதழையாவது முழுமையாகத் தட்டிப் பார்த்துவிடுவேன். எண் பகுதியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். கணக்கை இன்னும் பேரேட்டில்தான் எழுதுகிறாராம். ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு சத்துவாச்சாரி வரலாமா? அப்பாவும் உடன் வருகிறார். கீபோர்டு கடைசியில் அவர் கைக்குத்தான் போகப்போகிறது என்பதால் அவரும் தட்டிப் பார்க்க வேண்டும்.

சத்துவாச்சாரி தட்டச்சு ஆசிரியர்

இருவரும் வாருங்கள் அம்மா. அப்பா வழக்கமாக அச்சிடும் அழைப்பிதழ் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். அதையே மூன்றிலும் தட்டிப் பார்க்கலாம்.