ஹோண்டா அக்கார்டு 2.4: ஸ்டீயரிங் ஒடிச்சா முனகல் சத்தம், ரிசர்வாயர்ல நுரை. பவர் ஸ்டீயரிங் பம்பை வீட்லயே மாத்தலாமா?

வெள்ளை அக்கார்டு:
வண்டி 2006 மாடல், 2.4 பெட்ரோல், ஆட்டோமேட்டிக். காலைல ஸ்டார்ட் பண்ணினதும் பெல்ட் பக்கம் 'ங்ஙொய்'னு ஒரு முனகல். ரேஸ் கொடுத்தா சத்தமும் கூடவே ஏறுது. பார்க்கிங்ல ஸ்டீயரிங் ஒடிக்கும்போது இன்னும் ஜாஸ்தி, நடுநடுவே கை கனக்குது. எஞ்சின் சூடானதும் பாதி அடங்கிடும். ரிசர்வாயர் (ஸ்டீயரிங் ஆயில் டப்பா) மூடியைத் திறந்தா டீ மேல நிக்கிற மாதிரி நுரை. ஆயில் லோயர் கோட்டுக்குக் கீழ இறங்கிட்டே இருக்கு. ஒர்க்‌ஷாப்ல பார்த்துட்டு "பம்ப் போச்சு"ன்னு சொல்லிட்டாங்க. வீட்ல ஜாக்கி, 2 ஸ்டாண்ட், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் இருக்கு. நானே மாத்தலாமா? முதல்ல, போனது பம்ப்தானா?

கிரீஸ் கை:
சத்தத்தை மட்டும் வெச்சு பம்பைக் குறை சொல்லாதீங்க ப்ரோ. நுரைன்னா உள்ள காத்து போகுதுன்னு அர்த்தம். ரிசர்வாயர்ல இருந்து பம்புக்கு வர்ற பக்கம் உறிஞ்சுற பக்கம், அங்க பிரஷர் கிடையாது. அதனால அந்த ஜாயின்ட்ல (இன்லெட்) இருக்கிற ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், காய்ஞ்சு தட்டையாயிட்டா, ஆயில் சொட்டு கூட வெளிய வராமலே காத்தை உள்ள இழுக்கும். காலைல ரப்பர் விறைப்பா இருக்கும், ஆயிலும் கெட்டியா இருக்கும், சத்தம் அதிகம். சூடானா ரப்பர் கொஞ்சம் இளகி அடைச்சுக்கும். நீங்க சொல்ற லட்சணம் அப்படியே இதுதான். இந்த ஜெனரேஷன் அக்கார்டுல பலர் பம்பை மாத்திட்டு பழைய ரிங்கையே திரும்பப் போட்டு, அதே சத்தத்தோட உட்கார்ந்திருப்பாங்க.

சோதிக்கிறது சுலபம். காலைல எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, இன்லெட் ஜாயின்ட்டைச் சுத்தி கொஞ்சம் ஸ்டீயரிங் ஆயிலையே விடுங்க. பெல்ட் மேல படாம பார்த்துக்கோங்க. சத்தம் சட்டுனு மாறினா காத்து அந்த வழியாத்தான் போகுது.

ஆனா ஒண்ணு இடிக்குது. ரிங் மட்டும் போயிருந்தா லெவல் இவ்வளவு இறங்காது. புல்லிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் இருக்கா? பானெட் அடியில, பெல்ட்டுக்கு நேரா ஆயில் தெறிச்ச கோடு இருக்கா?

வெள்ளை அக்கார்டு:
ஆயில் விட்டுப் பார்த்தேன், சத்தம் லேசா குறைஞ்சு திரும்ப வந்துச்சு. புல்லிக்குப் பின்னாடி நல்லா ஈரம், பானெட் அடியில கோடும் இருக்கு. பெல்ட் ஓரமும் ஊறியிருக்கு.

கிரீஸ் கை:
அப்போ ரெண்டுமே. ரிங்கும் போச்சு, பம்போட ஷாஃப்ட் சீலும் (புல்லி தண்டைச் சுத்தி ஆயில் ஒழுகாம அடைக்கிற ரப்பர்) போச்சு. சீலை மட்டும் மாத்தலாம்தான், ஆனா பம்பைப் பிரிச்சு, ஷாஃப்டுல சீல் உரசின இடத்துல பள்ளம் விழுந்திருக்கான்னு பார்க்கணும். நகத்துல தட்டுப்பட்டா புது சீலும் சீக்கிரம் ஒழுகும். வீட்டு வேலைக்கு முழு பம்பே மேல்.

ஜாக்கி ஸ்டாண்ட்:
பம்ப் புதுசா, செகண்ட்ஹேண்டாங்கறதை முதல்ல முடிவு பண்ணுங்க தம்பி. சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் மார்க்கெட்ல கழட்டின பம்ப் கிடைக்கும். வாங்குறதா இருந்தா புல்லியைக் கையால சுத்திப் பாருங்க. சொரசொரன்னு இல்லாம வழுக்கிட்டு சுத்தணும், ஷாஃப்ட் மேல கீழ ஆடக்கூடாது. ஆயில் போற ரெண்டு வாயும் மூடாம மண்ணு படிஞ்சு கிடக்குற பம்பைத் தொடவே தொடாதீங்க. புதுசுன்னா புல்லியோட வர்றதா கேளுங்க. பிரஸ் ஃபிட் (நட் இல்லாம இறுக்கமா அழுத்தி ஏத்தின) புல்லியை சுத்தியால தட்டி ஏத்தினா உள்ள இருக்கிற பேரிங்கும் வேனும் (ஆயிலைத் தள்ளுற சின்னத் தகடு) அடிவாங்கும். அதுக்குன்னு புல்லியைக் கழட்டி ஏத்துற டூல் வேணும், அது இல்லாம இறங்காதீங்க.

பம்போட கூடவே 2 ஓ-ரிங்: இன்லெட்டுக்கு 91370-எஸ்வி4-000 (14.4 x 1.9 மி.மீ.), ஆயில் வெளிய போற அவுட்லெட்டுக்கு 91345-ஆர்டிஏ-ஏ01 (13.0 x 1.9 மி.மீ.). கடைல சேசிஸ் நம்பர் கொடுத்து ஒத்துப் பார்த்துக்கோங்க. ஹார்டுவேர் கடை தண்ணி பைப் ரிங் வேண்டாம். ஈபிடிஎம் ரப்பரா இருந்தா ஆயில்ல ஊறி உப்பிடும்.

டார்க் ரெஞ்ச்:
ஆயிலைப் பத்தி யாரும் சொல்லலையே. நிறைய வண்டில டெக்ஸ்ரான் ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊத்துறோம். இதுக்கும் அதையே ஊத்தலாமா?

ஜாக்கி ஸ்டாண்ட்:
டொயோட்டாவுக்கு அது சரி. ஆனா ஹோண்டா மேனுவல்லயே ஏடிஎஃப் ஊத்தாதேன்னு போட்டிருக்கான். ஹோண்டா பவர் ஸ்டீயரிங் ஃப்ளூயிடுதான். சிஸ்டம் முழுசுக்கும் சுமாரா 1 லிட்டர் பிடிக்கும், கழுவி விடவும் சேர்த்து 2 லிட்டரா வாங்கிக்கங்க.

இனி வேலை. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முட்டு. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட்ல உட்கார வைங்க, பிறகு காத்து எடுக்க இது கட்டாயம். பேட்டரி நெகடிவைக் கழட்டுங்க, ஏன்னா பம்புக்கு நேர் கீழ ஆல்டர்னேட்டர். அது மேல ஒரு தடிச்ச பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, அதுக்கு மேல துணி. எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் ஒரு டம்ளர் ஆயில் கொட்டத்தான் செய்யும், ஆல்டர்னேட்டருக்குள்ள இறங்கினா அது தனிச் செலவு.

ரிசர்வாயர்ல இருக்கிற ஆயிலை பெரிய சிரிஞ்சால உறிஞ்சி எடுங்க. பெல்ட் போற பாதையை போன்ல படம் பிடிச்சுட்டு டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற புல்லி) திருப்பி பெல்ட்டைக் கழட்டுங்க. கழட்டின கையோட மத்த புல்லிகளையும் சுத்திப் பாருங்க. பெல்ட்டைத் தாங்குற ஐட்லர் புல்லியோட பேரிங்கும் இதே மாதிரி முனகும். ஊறின பெல்ட்டைத் துடைச்சுத் திரும்பப் போடாதீங்க, புதுசு போடுங்க.

இன்லெட்டையும் அவுட்லெட்டையும் பம்ப்ல பிடிச்சிருக்கிற போல்ட் 10 மி.மீ. தலை. ஜாயின்ட்டை இழுத்ததும் பழைய ரிங் எங்க இருக்குன்னு கண்டிப்பா பாருங்க. பாதி நேரம் அது பம்ப் வாயிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அதைக் கவனிக்காம மேல இன்னொண்ணு போட்டா ரெண்டும் நசுங்கி ஒழுகும். பிறகு பம்பைப் பிடிச்சிருக்கிற 12 மி.மீ. தலை போல்ட்டுகள். அவ்வளவுதான், பம்ப் கைக்கு வந்துடும்.

பழைய ஆயிலை வெள்ளைத் துணில ஊத்தி வெயில்ல பாருங்க. மினுமினுன்னு இரும்புத் தூள் தெரிஞ்சா சிஸ்டத்தைக் கழுவாம புது பம்பைப் போடாதீங்க, அந்தத் தூள் இதையும் தின்னுடும். ஆயில் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸை ரிசர்வாயர்ல இருந்து உருவி ஒரு பாட்டில்ல விட்டு, ஸ்டீயரிங்கை எஞ்சின் ஆஃப்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினா ராக்ல (சக்கரத்தைத் திருப்புற ஸ்டீயரிங் கியர்) தங்கினது வெளிய வரும். ரிசர்வாயர் அடியில ஒரு வலை இருக்கு, அது அடைச்சாலும் பம்ப் பட்டினி கிடந்து இதே சத்தம் போடும். வலையைத் தனியா கழட்ட முடியாது. கழுவியும் தெளியலைன்னா ரிசர்வாயரையே மாத்துங்க.

பூட்டும்போது புது ரிங்கை அதே ஆயில்ல தோய்ச்சு வைங்க. சிலிக்கான் பேஸ்ட், டெஃப்லான் டேப் எதுவும் வேண்டாம், பிசிறு உள்ள போய் வால்வுல மாட்டும். எல்லா போல்ட்டையும் முதல்ல கைல திருகி உட்கார வைங்க. பம்ப் போல்ட் 22 நியூட்டன் மீட்டர், ஜாயின்ட்டோட சின்ன போல்ட் 11. சின்னதை வீராப்பா முறுக்குனா அலுமினிய மரை உருவிக்கும், அதோட புது பம்பும் வேஸ்ட்.

கிரீஸ் கை:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. பூட்டினதும் நேரா சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. காய்ஞ்ச பம்ப் சில நொடி ஓடினாலே வேன் கீறிடும். அப்பர் கோடு வரை ஊத்தி, சக்கரம் தூக்கின நிலையில, எஞ்சின் ஆஃப்ல மெதுவா கோடிக்குக் கோடி 15-20 தடவை திருப்புங்க. லெவல் இறங்க இறங்க ஊத்திட்டே இருக்கணும், குமிழி வர்றது நிக்கணும். பிறகு ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல அதையே செய்யுங்க. கோடியில 5 செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க. அங்க பிரஷர் உச்சத்துல நிக்கும், ஆயில் கொதிச்சுடும்.

வெள்ளை அக்கார்டு:
மாத்தியாச்சு. இரும்புத் தூள் இல்லை. பழைய இன்லெட் ரிங் பிளாஸ்டிக் வளையம் மாதிரி விறைச்சு, ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு. ஒழுகல் நின்னுடுச்சு. ஸ்டீயரிங் லேசாயிடுச்சு. ஆனா மெலிசா முனகல் இன்னும் இருக்கு, ஆயில் நிறம் மங்கலா தெரியுது. காத்து இன்னும் இழுக்குதா?

கிரீஸ் கை:
மங்கல்னா பொடிக் குமிழி இன்னும் கலந்திருக்கு. அதைத் திருப்பித் திருப்பி எடுக்க முடியாது, திருப்பினா இன்னும் நுரைக்கும். ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க, மூடியை லேசா தளர்த்தி வைங்க. காலைல தெளிஞ்சிருந்தா லெவல் பார்த்து இன்னொரு தடவை எஞ்சின் ஆஃப்ல திருப்பிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. காலைல தெளிஞ்ச ஆயில் ஓட்டினதும் திரும்ப மங்கினா, இன்லெட் ஹோஸ் கிளிப்பைப் பாருங்க. ஹோஸ் முனை கல்லாயிருந்தா கிளிப் இறுக்கியும் பிடிக்காது. முனையை வெட்ட நீளம் இருந்தா வெட்டுங்க, இல்லைன்னா ஹோஸை மாத்துங்க.

வெள்ளை அக்கார்டு:
காலைல கண்ணாடி மாதிரி தெளிஞ்சிருந்துச்சு. ஓட்டிட்டு வந்து பார்த்தேன், திரும்ப மங்கவே இல்லை. சத்தமும் இல்லை. முழுக்க ஒடிச்ச கோடியில மட்டும் லேசா ஒரு 'ஸ்ஸ்'.

ஜாக்கி ஸ்டாண்ட்:
அது ரிலீஃப் வால்வு (அதிக பிரஷரை விடுற வால்வு) திறக்குற சத்தம், இந்த மாதிரி பம்ப் இருக்கிற வண்டில சாதாரணம். லெவலை எஞ்சின் ஆறின பிறகு இன்னும் ரெண்டு தடவை பாருங்க, ஜாயின்ட் கீழ ஒரு வெள்ளைப் பேப்பர் வெச்சுப் பாருங்க. எடுத்த ஆயிலை சாக்கடைல ஊத்திடாதீங்க, ஆயில் மாத்துற கடைல கேன்ல வாங்கிப்பாங்க.