நம் வீட்டுக் குழு: ராம் வாங்கப் போகும் பெரியப்பா

பெரியப்பா, 9:12
செல்வம், கேள். நித்யா கொடுத்துவிட்டுப் போன மடிக்கணினி தூங்கி வழிகிறது. ஒரு படம் திறப்பதற்குள் பேப்பரை முடித்துவிடுகிறேன். ராம், அதுதான் கணினி நினைவகம், வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த வகை?

மாமா, 9:15
பின்பக்கம் திறந்தால் தெரிந்துவிடும் மச்சான். வரட்டுமா?

அத்தை, 9:15
திறந்தது போதும்.

பெரியப்பா, 9:16
போன தடவை திறந்ததில் ஒரு திருகாணி இன்னும் வந்து சேரவில்லை மாப்பிள்ளை.

மாமா, 9:16
அது முதலிலிருந்தே இல்லை.

நித்யா அக்கா, 9:17
இருந்தது மாமா.

செல்வம், 9:24
திறக்கவே வேண்டாம் பெரியப்பா. அதை இயக்குவது லினக்ஸ்தானே. டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், சுடோ டிஎம்ஐடிகோட் ஹைஃபன் டி மெமரி என்று அடியுங்கள். ஒவ்வொரு ராம் ஸ்லாட்டுக்கும் (ராம் செருகும் இடம்) ஒரு பத்தி வரும்: எத்தனை ஜிபி, வகை டிடிஆர்3ஆ டிடிஆர்4ஆ, என்ன வேகம். காலி ஸ்லாட் இருந்தால் அதையும் சொல்லும். வகை தெரியாமல் வாங்கக் கூடாது. மடிக்கணினிக்கான டிடிஆர்3க்கு 204 பின் (தொடுமுனை), டிடிஆர்4க்கு 260. ஒன்று இன்னொன்றில் நுழையாது. ஆனால் ஒன்று, இந்தக் கருவி ராமைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை, கணினி துவங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் எழுதி வைத்த அட்டவணையை வாசிக்கிறது. அதில் தப்பு இருந்தால் இதுவும் தப்பாகத்தான் சொல்லும். கட்டளை பிடிக்காது என்றால் ஹார்டுஇன்ஃபோ, சிபியு-எக்ஸ் என்று ஜன்னலில் காட்டும் கருவிகளும் உண்டு.

அத்தை, 9:25
‘மேலும் வாசிக்க’ வரை வந்தேன்.

பெரியப்பா, 9:31
கட்டளை கிடைக்கவில்லை என்கிறது. நீ எழுதியதை அப்படியே ஒட்டினேன்.

நித்யா அக்கா, 9:31
அப்பா!! ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

பெரியப்பா, 9:32
அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

செல்வம், 9:32
குழுவில் தமிழில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது நீங்கள்தானே.

நித்யா அக்கா, 9:33
தனியாக அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

பெரியப்பா, 9:38
கடவுச்சொல் கேட்கிறது. அடித்தால் ஒன்றும் விழவில்லை. விசைப்பலகையும் போச்சு.

செல்வம், 9:38
விழாது பெரியப்பா, அது அப்படித்தான். அடித்துவிட்டு எண்டரைத் தட்டுங்கள்.

பெரியப்பா, 9:44
[படம்]
இரண்டு ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி டிடிஆர்3. இன்னொன்று காலி.

மாமா, 9:45
பிறகென்ன, ஒன்று வாங்குங்கள். நான் மாட்டித் தருகிறேன்.

அத்தை, 9:45
வேண்டாம்.

நித்யா அக்கா, 9:46
படத்தில் சீரியல் எண் எல்லாம் தெரிகிறது அப்பா. வெளியாட்களுக்கு அனுப்புவதென்றால் கணினி விவரம் காட்டும் ஐஎன்எக்ஸ்ஐ கருவியில் ஹைஃபன் இசட் சேர்த்து எடுங்கள், மறைத்துக் கொடுக்கும்.

அத்தை, 9:48
அண்ணா, சின்னவன் கல்யாணப் படங்கள் இதில்தானே இருக்கின்றன? எனக்கு இன்னும் வரவில்லை.

பெரியப்பா, 9:49
அனுப்பினேனே.

அத்தை, 9:49
அண்ணி பக்கத்து ஆட்கள் இருக்கிற படங்களை மட்டும்.

பெரியப்பா, 9:50
…

செல்வம், 9:53
ஒரு நிமிடம். ராம் உண்மையிலேயே போதவில்லையா? ஃப்ரீ ஹைஃபன் எச் அடித்து ‘அவைலபிள்’ கட்டத்தைப் பாருங்கள். பக்கத்தில் ‘ஃப்ரீ’ குறைவாக இருந்தால் பதற வேண்டாம், சும்மா கிடக்கும் ராமை, டிஸ்க்கில் வாசித்ததை வைத்துக்கொள்ளும் கேஷுக்கு லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும்.

பெரியப்பா, 9:57
2.3 ஜிபி.

செல்வம், 9:58
அப்படியானால் ராம் மேல் பழி போட முடியாது. டிஸ்க்கைப் பார்க்கலாம். அக்கா, டிஸ்க்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை அனுப்புங்கள். அது இல்லையென்றால், அது அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவச் சொல்லுங்கள்.

பெரியப்பா, 10:14
‘பாஸ்டு’ என்று வந்துவிட்டது. தேறிவிட்டது!

மாமா, 10:14
குடும்பத்தில் ஒருவராவது.

செல்வம், 10:15
அந்த வரியை நம்பி உட்கார முடியாது. கீழே 197 என்று ஒரு வரி இருக்கும், கரண்ட் பெண்டிங் செக்டர். அதன் கடைசி எண்?

பெரியப்பா, 10:17
48.

செல்வம், 10:18
பூஜ்யமாக இருக்க வேண்டியது. 48 இடங்களை டிஸ்க்கால் சரியாக வாசிக்க முடியவில்லை. மறுபடி மறுபடி முயன்று பார்ப்பதால்தான் படம் திறக்க அவ்வளவு நேரம். ராமை விடுங்கள், முதலில் படங்களை நகலெடுங்கள். இந்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புது எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) வாங்குவதைப் பிறகு பேசலாம்.

அத்தை, 10:18
என் படங்கள்!

நித்யா அக்கா, 10:19
வெளி டிஸ்க் ஒன்று வைத்துவிட்டு வந்தேனே?

பெரியப்பா, 10:20
மாப்பிள்ளையிடம் இருக்கிறது.

மாமா, 10:23
இருக்கிறதா, தேடிப் பார்க்கிறேன். அதில் கொஞ்சம் படம் ஏற்றி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, 10:24
சரி. ராமும் ஒன்று வாங்கி வைக்கிறேன், இருக்கட்டும்.

செல்வம், 10:24
பெரியப்பா, நகலெடுக்கும் வரை அணைக்காதீர்கள். மறுபடி எழுந்திருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது.

பெரியப்பா, 10:31
அப்போதே அணைத்துவிட்டேனே.