ரங்கூன், பினாங்கு குண்டுவீச்சில் இறந்த ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) தொண்டர்கள்: பெயர் சேகரிக்க உதவுங்கள்

கடலூர், புதுச்சேரி சொந்தங்களுக்கு வணக்கம். 1941 டிசம்பர் 11-இல் பினாங்கிலும், 23, 25 தேதிகளில் ரங்கூனிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே தீயணைப்பு, மீட்பு, ஆம்புலன்ஸ் வேலையில் இருந்தபோது இறந்த நம் பக்கத்து ஆட்களின் பெயர்களைக் கடலூரில் ஒரு நினைவுக்கல்லில் பொறிக்க இருக்கிறோம்.

இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், பார்த்த வேலை, இந்த நான்கும் வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் போரில் இறந்த பொதுமக்கள் பட்டியலை இலவசமாகத் தேடலாம். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். கோவிந்தசாமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம். நாட்டையும் தேதியையும் வைத்துச் சலித்துப் பார்ப்பதே நல்லது.

பழைய கடிதம், கப்பல் டிக்கெட் இருந்தால் வெயில் படாத வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அப்புறம் தாளைப் பிரிக்கவே முடியாது.

கருங்கல் பலகையில் 20 மி.மீ. உயர எழுத்து வெட்ட எண்ணம். பெயிண்ட் மட்டும் அடித்தால் உப்புக்காற்றில் உரிந்துவிடும். சாதாரண இரும்புக் கிளாம்பு துருப்பிடித்து உப்பிக் கல்லையே பிளக்கும் என்பதால் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரக எவர்சில்வர்தான் போடப்போகிறோம். உளியால் ஆழமாக எழுத்து வெட்டும் கல்தச்சர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.