'இன்சைடர் த்ரெட்': தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுபவர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒரு பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இன்சைடர் த்ரெட்' (உள்ளே வேலை செய்பவர்கள் வழியாக வரும் ஆபத்து), 'ஆக்சஸ் கன்ட்ரோல்' (யார் எங்கே நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது) இரண்டுக்கும் சொல் வேண்டும். முதல் பாடம் 1987 டிசம்பர் 7. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர், திரும்ப வாங்கப்படாத அடையாள அட்டையை வைத்துச் சோதனையைத் தாண்டி, கலிபோர்னியாவில் பிஎஸ்ஏ நிறுவனத்தின் 1771 விமானத்தில் துப்பாக்கியோடு ஏறினார். விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தார்கள்.
– கு.

---

ஐயா, வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்: 89, உட்பகை. எள்ளின் பிளவளவு இருந்தாலும் கேடுதான் என்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்? மற்றதற்கு 'வாயிற்காப்பு'. 'வாயில்' என்பதே 'இல்வாய்' முன்பின்னாக மாறிய இலக்கணப் போலி, 'முன்றில்' போல. வீட்டுக்கு வாய் அது. எதை உள்ளே விடுவது என்று பார்ப்பது வாயின் வேலைதானே!
– ந.

---

> வாயிற்காப்பு

வாசலில் நிற்கும் காவலர்தான் நினைவுக்கு வருகிறார். இங்கே அட்டை, கைரேகை, கதவு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு: யார், எந்தக் கதவை, எந்த நேரத்தில் திறக்கலாம் என்பது; வேலையை விட்டவரின் அட்டையை அன்றே முடக்குவது. 'அணுகல் கட்டுப்பாடு' கணினித்துறையில் ஏற்கெனவே புழங்குகிறது, அதுவே இருக்கட்டும்.

உட்பகைக்கு மனத்தில் பகை வேண்டும். பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு யார்மேல் பகை? அந்தக் கவனக்குறைவும் இந்த ஆபத்தில் அடக்கம். 'உள்ளாள் ஆபத்து' என்போம்.
– ச.

---

'உள்ளாள்' என்றால் 'அவள் இருக்கிறாள்' என்று பொருள். பெண்பால் குறிப்பு வினைமுற்று! சிலம்பின் பொற்கொல்லனை எண்ணிப் பாருங்கள். அரண்மனைக்கு வேண்டியவன், அரசன் அவன் சொல்லை ஆராயாமல் நம்பினான். அதுதான் உட்பகை.
– ந.

---

நான் இந்த வகுப்பை எடுப்பவள். பலகையில் 'உட்பகை' என்று எழுதினேன். "எங்களையா மேடம் சொல்றீங்க?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். வெயிலில் பெட்டி தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர். அவரைப் பகைவர் என்று சொல்லிவிட்டு, அவரிடமே கதவைக் காக்கும்படி எப்படிக் கேட்பது? 'உள்ளாட்களால் வரும் ஆபத்து' என்று மாற்றினேன், உடனே புரிந்துகொண்டார்கள். சொல் நீளம்தான், ஆனால் அந்த வினைமுற்றுச் சிக்கலும் இல்லை.
– மீ.

---

மீ. அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். கூடவே 'அணுகல் கட்டுப்பாடு'. இனி நேரமும் இல்லை.
– கு.

---

அச்சுக்குப் போகட்டும். ஆனால் நான் ஒப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபதிப்பில் சொற்பட்டியலிலாவது 'உட்பகை' இடம்பெற வேண்டும்.
– ந.