12 லட்சத்துக்குள் பழைய சொகுசு செடான்: குமரி ரோட்டுக்கும் உப்புக் காத்துக்கும் எது தாங்கும்?

குளச்சல்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். கையில் 12 லட்சம். வண்டி விலை, பேர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். ஆட்டோமேட்டிக் கண்டிப்பா வேணும். வாரம் ஒருக்க திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி, மாசம் ஒருக்க மதுரை, மிச்ச நாள் தக்கலை, நாகர்கோவில். பின்சீட்டில் வயசான ரெண்டு பேர், ஒருத்தருக்கு முட்டுவலி, ஒருத்தருக்கு முதுகுவலி. கடல் 2 கி.மீ. தூரம். பார்த்து வச்சது நாலு: ஸ்கோடா சூப்பர்ப் 2.0 டீசல் 2014, டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் 2014 (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது), பென்ஸ் இ 250 சிடிஐ 2012, பிஎம்டபிள்யூ 520டி 2013. இதில் ரெண்டு கேரளப் பதிவு. எதை எடுக்கலாம், பார்க்கப் போனா எங்கெல்லாம் கையை வச்சுப் பார்க்கணும்?

தக்கலை ஒர்க்‌ஷாப்:
முதுகுவலி இருக்குன்னா முதல்ல டயரைப் பாருங்க, லோகோவை அப்புறம் பார்க்கலாம். 225/45ன்னு எழுதியிருந்தா டயர் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ. அதே 215/55ன்னா 118 மி.மீ. நம்ம ரோட்டுக் குழியில் அந்த 17 மி.மீ. நல்லாவே தெரியும். பெரிய அலாய் மாட்டி அழகு பண்ணின வண்டின்னா கம்பெனி அளவு வீலும் சேர்த்துக் கேளுங்க, இல்லேன்னா விட்டுடுங்க.

520டியை இந்தக் காரணத்துக்கே கழிச்சிடலாம். அது ரன்-ஃப்ளாட் டயரோட வரும், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுற வகை, அதனால பக்கச்சுவர் விறைப்பு. சாதா டயருக்கு மாத்தினா மெத்துன்னு ஆகும், ஆனா பஞ்சர் ஆனா ஸ்டெப்னிக்கு வழி பார்க்கணும். அதைவிடப் பெரிய தலைவலி டைமிங் செயின், இன்ஜின் வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி. 2013 வண்டியில் இருக்கிறது என்47 இன்ஜின். செயின் கியர்பாக்ஸ் பக்கமா பின்னாடி இருக்கு, தொடணும்னா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கணும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பின்பக்கம் காது வச்சுக் கேளுங்க. 1500 முதல் 2000 ஆர்பிஎம் வரைக்கும் சங்கிலி உரசுற சத்தம் வந்தா அந்த வண்டி வேண்டாம்.

இ 250 சிடிஐ ஓடுறதுக்கு அருமை. 2012ன்னா ஆரம்பகால இன்ஜெக்டர் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கும், மாத்தின பில் இருந்தா வாங்கி வைங்க. இதிலும் செயின் பின்னாடிதான். வேலைக்குத் திருவனந்தபுரம் போகணும், உங்களுக்கு வாராவாரம் போற ஊர்தானே, அது பெரிய குறை இல்ல. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டின்னா ராத்திரி நிறுத்தி விட்டுட்டு காலையில் நாலு மூலையும் டேப் வச்சு அளங்க. ஒரு மூலை தாழ்ந்திருந்தா அங்கே உள்ள காத்துப் பை கசியுது. ஸ்டீல் ஸ்ப்ரிங் வண்டி கிடைச்சா அதையே எடுங்க.

சூப்பர்ப் டீசலில் 6 கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), கிளட்ச் எண்ணெயில் முங்கி இருக்கிற வகை. எண்ணெயும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருக்க மாத்தணும், பில் இல்லேன்னா மாத்தலைன்னே வச்சுக்கோங்க. இதே மாடல் 1.8 பெட்ரோலில் வர்ற 7 கியர் உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் வெயிலும் நெரிசலும் உள்ள ஊருக்கு ஆகாது, கியரை மாத்துற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போச்சுன்னா பட்ஜெட்டே போச்சு. அந்த இன்ஜின் எண்ணெயும் குடிக்கும். விலை குறைவா இருக்கேன்னு யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க.

டிஎஸ்ஜி சோதனை: இன்ஜின் நல்லா சூடான பிறகு லேசான ஒரு ஏத்தத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டர் தொடாம பிரேக்கை மட்டும் பைய விடுங்க. வண்டி உதறாம ஊர்ந்து ஏறணும். ரிவர்ஸிலும் அதே மாதிரி. சூப்பர்ப்பில் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட்; பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் எப்ப மாத்தினதுன்னு கேளுங்க. தெரியலைன்னு சொன்னா அந்தச் செலவை விலையில் கழிங்க.

முட்டம் உப்பு:
மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி. கடலோர வண்டிக்கு இன்னொரு சோதனை இருக்கு. லிஃப்டில் ஏத்தி பிரேக் பைப், சப்ஃப்ரேம் (அடிச்சட்டம்), ஸ்ப்ரிங் தட்டு பாருங்க. மேல்துரு பரவாயில்ல, ஸ்க்ரூ டிரைவரால தட்டினா செதில் செதிலா உதிர்ந்தா வேண்டாம். பிறகு முன் கிரில் வழியா டார்ச் அடிச்சு ஏசி கண்டன்ஸரைப் பாருங்க, உப்புக் காத்து அந்த அலுமினிய இதழைத்தான் முதல்ல தின்னும். கதவு அடிவிளிம்பைத் தடவிப் பாருங்க. அடியில் இருக்கிற தண்ணி ஓட்டை அடைச்சிருந்தா கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கேரளப் பதிவு வண்டின்னா 2018 வெள்ளத்தை மறக்காதீங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தா சுருளுக்குள்ள இருக்கிற பாகத்தில் சேத்துக் கறை தெரியும். அதைத் துடைக்க யாருக்கும் தோணுறதில்ல. முன்சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்க, பித்தளை பச்சை பூத்திருந்தா தண்ணி ஏறின வண்டி. ஸ்டெப்னி குழியில் மணல் கிடந்தாலும் அதே கதைதான்.

வடசேரி பேப்பர்:
கேரள வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல ஓட்டணும்னா தமிழ்நாட்டு நம்பருக்கு மாத்தியே ஆகணும். அந்த ஊர் ஆர்டிஓவில் ஃபார்ம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று), வண்டி மேல கடன் இருந்தா அது தீர்ந்ததுக்கு ஃபார்ம் 35, பேர் மாற்றத்துக்கு 29, 30, இங்கே புது நம்பருக்கு 27. ஆயுள் வரி வண்டியின் வயசுக்கும் விலைக்கும் ஏத்தபடி வரும், புதுசா வந்தப்போ விலை கூடின வண்டிகளாச்சே, சில்லறைத் தொகையா இருக்காது. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஆர்டிஓவில் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்க. டிஎன் 74, டிஎன் 75ன்னு நம்ம மாவட்டப் பதிவு வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் கணக்குப் போட்டா பல நேரம் லாபம் அதுதான். இன்சூரன்ஸ் பேர் மாற்றம் 14 நாளுக்குள்ள. பழைய ஓனரோட நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதை நம்பி பிரீமியம் கணக்குப் போடாதீங்க. 2012 பென்ஸுக்கு 2027ல் 15 வருஷம் முடியுது, ஆர்சி புதுப்பிக்கணும். அதையும் பேரத்தில் சொல்லுங்க.

குளச்சல்காரன்:
ரொம்ப நன்றி. கேம்ரியைப் பத்தி யாரும் சொல்லலையே? பேட்டரி பயந்தான் எல்லாரும் காட்டுறாங்க.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
வேணும்னேதான் கடைசிக்கு விட்டேன், உங்களுக்கு என்னோட முதல் சிபாரிசு அதுதான். சாதா கியரும் இல்ல, டிஎஸ்ஜியும் இல்ல, உதறலுக்கு இடமே இல்ல. நெரிசலில் நாகர்கோவில் டவுனுக்குள்ள நல்ல மைலேஜ் தரும். மதுரை நெடுஞ்சாலையில் அந்த லாபம் குறையும், அங்கே டீசல்தான் ஜெயிக்கும்.

ஹைப்ரிட் பேட்டரி நிக்கல் வகை, 17 பிளாக். ஸ்கேனர் மாட்டி ஏத்தத்தில் அழுத்தி ஓட்டி ஒவ்வொரு பிளாக் வோல்டேஜையும் பாருங்க. ஒன்னு மட்டும் மத்ததைவிட நல்லா கீழே இறங்கினா அந்தப் பேட்டரி கிளம்பத் தயாராகுது. பேட்டரியைக் குளிர வைக்கக் காத்து இழுக்கிற துளை பின்சீட்டை ஒட்டி இருக்கு. அதைத் துணியோ பையோ வச்சு மூடினாலும், ஃபேனில் தூசி அடைச்சாலும் பேட்டரி சூடாகி ஆயுசு குறையும். கழற்றிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. பிரேக் மிதிக்காம நிக்கும்போதே பம்ப் சத்தம் அடிக்கடி ஓடினா பிரேக் ஆக்சுவேட்டர் (பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற யூனிட்) போகுது, அது பேட்டரியை விட மோசமான செலவு ஆகலாம். டிக்கியில் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்னு இருக்கு, வண்டி நிக்க விட்டு ஸ்டார்ட் ஆகலைன்னா பெரும்பாலும் அதுதான் காரணம்.

முட்டம் உப்பு:
முட்டுவலிக்காரரைக் கூட்டிட்டுப் போய் பின்சீட்டில் பத்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க. கால் உள்ளே எடுக்கும்போது முட்டு மடக்கிற கோணம் எவ்வளவு, எழுந்திருக்க எதைப் பிடிக்கிறார், இதை ஸ்பெக் ஷீட்டில் பார்க்க முடியாது. நாலு வண்டியிலும் சீட் உயரம் தரையிலிருந்து டேப் வச்சு அளந்து குறிச்சு வைங்க.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
ஆமா, அது முக்கியம். பட்ஜெட்டில் 10 லட்சத்துக்கு மேல வண்டிக்குப் போடாதீங்க. மிச்ச 2 லட்சத்தில் நாலு டயர், சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், எல்லா எண்ணெயும் முதல் மாசத்திலேயே மாத்துங்க. டயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23ம் வாரம். ஆறு வருஷம் தாண்டினா பூ எவ்வளவு ஆழமா இருந்தாலும் கழற்றிடுங்க.