மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது: எந்தப் பயிற்சி சரி?

கேள்வி (தாமிரபரணி):
புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத என் தாயாருக்கு, பல்லாண்டுகள் விறகடுப்பில் சமைத்ததனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, வந்திருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். இன்ஹேலரைத் தவறாமல் எடுத்தும், மாடிப்படி ஏறினாலோ குளித்துவிட்டுத் தலை துவட்டினாலோ மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் உதட்டைக் குவித்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள். உறவினர்களோ பலூன் ஊதவும் மூச்சை அடக்கிப் பழகவும் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

மறுமொழி (பிசியோதெரபிஸ்ட்):
மருத்துவமனையில் சொன்னதையே செய்யுங்கள். இந்நோயில் பெரும் சிக்கல் காற்றை வெளியே விடுவதில்தான் இருக்கிறது. காற்று முழுவதும் வெளியேறுவதற்குள் சிறு மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்வதால், பழைய காற்று உள்ளேயே தேங்கி, அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. குவித்த உதட்டின் வழியே விடும்போது உண்டாகும் எதிரழுத்தம் அக்குழல்களைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, சூடான காபியை ஆற்ற ஊதுவது போல நான்கு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும்; முக்கி ஊதக் கூடாது. படியில் நின்று மூச்சை இழுத்து, விட்டுக்கொண்டே ஏறட்டும். மூச்சை அடக்குவது அறவே வேண்டாம்; பலூனையும் நான் பரிந்துரைப்பதில்லை. எல்லோரும் புகழும் வயிற்று மூச்சுகூட, நுரையீரல் மிகவும் உப்பிப்போனவர்களுக்குச் சில வேளைகளில் சிரமத்தைக் கூட்டிவிடும்.

மறுமொழி (வைகைக்கரை):
என் தந்தைக்கும் இதே நோய்தான். கைகளைத் தலைக்கு மேல் தூக்கும்போது, மூச்சுக்குத் துணை நிற்கும் தோள், கழுத்துத் தசைகள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. தலை துவட்டும்போது இளைப்பதற்கு அதுவே காரணம் என்றார்கள். குளியலறையில் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு, தலையை நீங்களே துவட்டிவிடுங்கள். இளைப்பு வந்தால் நாற்காலியில் அமர்ந்து, சற்று முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளட்டும். முகத்தில் படும்படி சிறு மின்விசிறியை வைத்தாலும் திணறல் உணர்வு குறைகிறது.

மறுமொழி (ஓய்வுபெற்ற செவிலியர்):
மூச்சு சீராக இருக்கும் நேரத்திலேயே பழக்கிவிடுங்கள். திணறும்போது புதிதாக எதையும் கற்க முடியாது. இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்பதையும் அடுத்த முறை மருத்துவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஓய்வெடுத்த பின்னும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எந்தப் பயிற்சியையும் செய்து பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.