டி.எஸ்.எச். நார்மல்தான், ஆனா அக்காவால எழுந்து நடமாட முடியல

அக்காவுக்கு ரெண்டாவது பிரசவத்துல ரத்தப்போக்கு நிக்கவே இல்ல. நாலு யூனிட் ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. பிள்ளை நல்லா இருந்தான், ஆனா அவளுக்குப் பால் ஊறல. சுறாப்புட்டு, பூண்டுப் பால்னு அம்மா மாத்தி மாத்தி செஞ்சு போட்டாங்க. ஒரு சொட்டு வரல. மாதவிடாயும் திரும்பல. மூணு வருஷம் இப்படியே போச்சு. சித்திரை வெயில்ல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருப்பா. தைராய்டா இருக்கும்னு டி.எஸ்.எச்.ங்கிற ரத்தப் பரிசோதனை பார்த்தோம்: 2.1. நார்மல்னு சத்து மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க.

போன வருஷம் வாந்தி பேதியில மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரியில பார்த்தா ரத்தத்துல சோடியம் (உப்புச் சத்து) 112, ரொம்பக் கம்மி. அங்க வந்த ஹார்மோன் டாக்டர் முதல்ல கேட்டது: "கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா? பால் வந்துச்சாம்மா?" அம்மா அழுதுட்டாங்க. அதுவரைக்கும் இதை யாருமே கேட்டதில்ல.

டி.எஸ்.எச். தைராய்டுல சுரக்கிறது இல்லங்க. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இருக்கிற பிட்யூட்டரி, தைராய்டுக்கு அனுப்புற உத்தரவு அது. தைராய்டு படுத்தா உத்தரவு கூடும், டி.எஸ்.எச். ஏறும். பிட்யூட்டரியே படுத்துட்டா ஏத்த ஆள் இல்ல, எண் நார்மலாவே கூட நிக்கலாம். தைராய்டு சுரக்கிற ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ரொம்பக் கம்மி. பிட்யூட்டரி உத்தரவுல அட்ரினல் சுரப்பி சுரக்கிற கார்ட்டிசாலும் காலை 8 மணிக்குப் பார்த்தா அப்படித்தான். கர்ப்பத்துல பிட்யூட்டரி பெருசாகும். அந்த நேரம் ரத்தம் அதிகமாப் போனா அதுக்கு ரத்தம் எட்டாம செத்துடலாம். ஷீஹான் சிண்ட்ரோம்னு பேரு, 1937ல ஹரால்ட் ஷீஹான் எழுதினது.

முதல்ல கார்ட்டிசாலுக்குப் பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன், அப்புறம்தான் தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலா தைராக்ஸின். வரிசை மாறினா மிச்சமிருக்கிற கார்ட்டிசாலும் வேகமாத் தீர்ந்து உயிருக்கே ஆபத்தாம்.

பதில்:
எனக்கு நேர் எதிர், சிஸ்டர். கல்யாணத்துக்கு முன்னாடியே பால் கசிஞ்சுது. "யார்கிட்டயும் சொல்லாதடி"ன்னு அம்மா எட்டு மாசம் மறைச்சாங்க. பிட்யூட்டரியில 7 மி.மீ. கட்டி, பால் ஊற வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் எக்கச்சக்கம். அந்த ஹார்மோனை மட்டும் பிட்யூட்டரிக்கு மேல மூளையில இருக்கிற ஹைப்போதலாமஸ், டோபமின்ங்கிற ரசாயனத்தை விட்டு அடக்கியே வைக்குமாம். அதே வேலையைச் செய்யுற கேபர்கோலின் மாத்திரை வாரம் ரெண்டு தடவை போடுறேன். மூணாவது மாசமே மாதவிடாய் வந்துடுச்சு. அக்கா இப்ப எப்படி இருக்காங்க?

பதில்:
ஸ்வெட்டரை எடுத்து வச்சுட்டா. காலையில எழுந்து பையனை ஸ்கூல் வேன் ஏத்தி விடுறா. காய்ச்சல் வந்தா ஹைட்ரோகார்ட்டிசோன் ரெட்டிப்பு, வாந்தின்னா உடனே ஊசின்னு டாக்டர் எழுதின அட்டை எப்பவும் பர்ஸ்ல இருக்கு. பையனுக்கும் அது எங்க இருக்குன்னு காட்டி வச்சிருக்கோம்.